பழைய நிலத்தோற்ற வரைபடங்களும் சிற்றூர் வரலாறும்: கோலகுபுவை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஓர் ஊரின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் அரசாங்க ஆண்டறிக்கைகள், செய்தித்தாள்கள், வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றையே சான்றுகளாகக் கொள்கின்றனர். நில அளவைத் துறையினர் வெளியிட்ட பழைய நிலத்தோற்ற வரைபடங்கள் அவ்வளவாகப் பயன்படுத்தப்படுவதில்லை. மலை, ஆறு, சாலை, குடியிருப்பு, பயிர்நிலம் ஆகியவற்றை ஒரே தாளில் அளவோடு காட்டுவது நிலத்தோற்ற வரைபடம். ஒரே வட்டாரத்திற்கு வெவ்வேறு காலங்களில் வரையப்பட்ட தாள்களை வரிசைப்படுத்தி நோக்கினால் அவ்வட்டாரம் மாறிய வகை புலப்படும். சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில் அமைந்த கோலகுபுவைச் சான்றாகக் கொண்டு இம்முறையை விளக்குவதும், மலேசியத் தமிழர் வரலாற்றாய்வுக்கு அதனால் விளையும் பயனையும் அதன் எல்லையையும் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரைபடத் தாளை அணுகும் முறை

முதலில் நோக்க வேண்டியது படத்தை அன்று. அதன் ஓரக் குறிப்புகளை. மலாயாவின் பழைய தாள்களுள் பல, ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் 1:63,360 என்னும் அளவுத்திட்டத்தில் அமைந்தவை. மெட்ரிக் முறை வந்தபின் 1:50,000 என்னும் அளவுத்திட்டம் வழக்கிற்கு வந்தது. பழைய அளவுத்திட்டத்தில் அரை மில்லிமீட்டர் தடித்த ஒரு கோடு நிலத்தில் ஏறத்தாழ 32 மீட்டரை அடைத்துக்கொள்ளும். ஆகவே, தாளில் காணும் சாலையின் அகலத்தை உண்மை அகலமாகக் கொள்ளலாகாது. அது குறியீடே.

அடுத்து, ஆண்டு. அச்சிட்ட ஆண்டு வேறு. நிலத்தை அளந்த ஆண்டு வேறு. புதிய பதிப்பில் சாலைகளை மட்டும் திருத்திவிட்டுப் பிறவற்றைப் பழையபடியே விட்டுவிடுதலும் உண்டு. அளந்த ஆண்டை அறியாமல் அச்சிட்ட ஆண்டையே கொண்டால், முன்னரே அழிந்துபோன குடியிருப்பை அவ்வாண்டில் இருந்ததாக எழுதிவிட நேரும்.

மூன்றாவது, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துதல். இன்று கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருள்களால் இதனை எளிதில் செய்யலாம். பொருத்துவதற்கு இடம்பெயராத புள்ளிகள் வேண்டும். மலையுச்சி, இருப்புப்பாதையின் வளைவு, பழைய பாலம் முதலியன ஏற்றவை. ஆற்றின் வளைவை நம்பலாகாது, ஆறு இடம்பெயரும். அதனைக் கோலகுபுவே நமக்கு உணர்த்துகிறது.

ஆறு பெயர்த்த ஊர்

கோலகுபு ஈயத்தால் வளர்ந்த ஊர். 1883ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கிருந்த பழைய அணை உடைந்து ஊரை வெள்ளம் சூழ்ந்தது. அரசு அதிகாரி செசில் ரேங்கிங் உட்படப் பலர் உயிரிழந்தனர். ஆயினும் ஊர் மீண்டெழுந்தது. 1894இல் இருப்புப்பாதை அங்கு வந்தது. மலைத்தொடரைக் கடந்து ரவூப் வழியாகப் பகாங்கிற்குள் செல்லும் சாலையும் அங்கிருந்தே புறப்பட்டது.

ஆற்றின் மேற்பகுதியில் நடைபெற்ற ஈயச் சுரங்கத் தொழில் மண்ணையும் மணலையும் ஆற்றில் இறக்கியது. ஆற்றுப்படுகை உயர்ந்தது; வெள்ளம் அடிக்கடி வந்தது; வீடுகளைச் சுற்றி மணல் மேடிட்டது. இறுதியில் ஊரையே மேட்டு நிலத்திற்கு மாற்ற அரசு முடிவு செய்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் நகரத் திட்டமிடுநராக 1920களில் பணியாற்றிய சார்லஸ் ரீட், தோட்ட நகரக் கோட்பாட்டின்படி புதிய ஊரை வகுத்தார். 1930களின் தொடக்கத்தில் இடமாற்றம் நிறைவுற்றது. இன்றைய கோலகுபு பாரு அதுவே. பாரு என்பதற்குப் புதிய என்பது பொருள்.

ஊர் மாறுவதற்கு முன் வரைந்த தாளையும் பின் வரைந்த தாளையும் ஒப்பிடுவோர் கடைத்தெரு ஓரிடத்திலிருந்து நீங்கி வேறோரிடத்தில் தோன்றுவதை மட்டும் குறித்துக்கொண்டு அமைதல் போதாது. அதற்கான காரணத்தை அத்தாளிலேயே தேட வேண்டும். சமஉயரக்கோடுகள் பழைய ஊர் தாழ்நிலத்தில் இருந்ததையும் புதிய ஊர் மேட்டை நாடியதையும் காட்டும். ஆற்றின் மேற்பகுதியில் காணும் சுரங்கக் குறியீடுகள் மணல் வந்த திசையைக் காட்டும்.

இடப்பெயர்களும் சான்றாகும். பழைய ஊர் இருந்த பகுதி இன்று அம்பாங் பெச்சா என வழங்குகிறது. உடைந்த அணை என்பது அதன் பொருள். எந்தத் தாளும் வரையப்படுவதற்கு முன் நிகழ்ந்த ஒரு பேரிடரை ஒரு பெயர் தாளில் ஏற்றி வைத்திருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் அதே ஆற்றின் மேற்பகுதியில் சுங்கை சிலாங்கூர் அணை எழுந்தது; தெமுவான் பழங்குடி மக்களின் ஊர்கள் இடம்பெயர்ந்தன; பகாங் சாலையின் ஒரு பகுதி வழிமாறியது. நீருக்குள் மறைந்த அப்பள்ளத்தாக்கின் வடிவத்தை அறியப் பழைய தாள்களே துணை.

தோட்டங்களும் தாளின் மௌனமும்

இம்முறை நமக்கு இன்றியமையாததாவது தோட்டங்களைப் பொறுத்தே. உலு சிலாங்கூரிலும் பிற மாவட்டங்களிலும் நம் முன்னோர் வாழ்ந்த ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு, அங்கு ஒரு சமூகம் வாழ்ந்ததற்குத் தரையில் அடையாளம் எஞ்சுவது அரிது. தாளிலோ லயங்கள் இருந்த இடம், ஆற்றங்கரை, பள்ளிக்குச் செல்லும் பாதை ஆகியவை எஞ்சியிருக்கக்கூடும். அவசரகாலத்தில், குறிப்பாக 1950 முதல், சிதறிய குடியிருப்புகள் வேலியிட்ட இடங்களில் திரட்டப்பட்டதையும் அதற்கு முன்னும் பின்னும் வரைந்த தாள்களைக் கொண்டு ஆராயலாம்.

எனினும், தாள் எல்லாவற்றையும் சொல்வதில்லை. 1950களின் இறுதியில் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்து தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அதனை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இத்துண்டாடலை நிலத்தோற்ற வரைபடத்தில் காண இயலாது. உரிமை கைமாறினாலும் ரப்பர் மரம் ரப்பர் மரமாகவே நின்றமையால் தாளில் குறியீடு மாறவில்லை. நில உரிமையை அறிய நிலவரி ஆவணங்களையும் மனை எல்லைப் படங்களையுமே நாட வேண்டும்.

மற்றொரு மௌனம் பெயரைப் பற்றியது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரையோ மலாய்ப் பெயரையோதான் நில அளவையாளர் எழுதினர். நம்மவரோ அதே தோட்டத்தைத் துரையின் பெயராலும் மரம், பாறை முதலிய அடையாளங்களாலும் தமிழில் அழைத்து வந்தனர். அப்பெயர்கள் தாளில் ஏறவில்லை. முதியோர் நினைவில் மட்டுமே அவை வாழ்கின்றன. ஒருவர் தாம் பிறந்த தோட்டத்தைத் தமிழ்ப் பெயரால் கூறுகையில், அது எந்தத் தாளில் எந்த இடம் என அறிந்து இணைக்காவிடில் வாய்மொழி வரலாறும் ஆவண வரலாறும் ஒன்றையொன்று சந்திக்கா.

முடிவுரை

நிலத்தோற்ற வரைபடம் ஓர் ஆண்டில் ஓர் அலுவலகம் குறிக்கத் தக்கவை எனக் கருதியவற்றின் பதிவு. பல தாள்களை ஒப்பிட்டும், பிற ஆவணங்களோடு சேர்த்தும், களத்தில் சென்று கேட்டும் படிக்கும்போதே அது முழுமையான சான்றாகிறது. மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம், இலண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் பழைய வரைபடங்கள் பாதுகாக்கப்படுகின்றன. தாள்கள் காப்பகத்தில் காத்திருக்கும். தோட்டப் பெயர்களை அறிந்த முதியோர் அவ்வாறு காத்திருக்க இயலாது. ஆகவே, மாணவர்கள் தத்தம் குடும்பத்தார் வாழ்ந்த தோட்டத்தின் தாளைத் தேடியெடுத்து, அதன் படியொன்றை மூத்தோர் முன் விரித்து, அவர்கள் சுட்டும் இடங்களையும் சொல்லும் பெயர்களையும் அதில் குறித்து வைத்தல் உடனடியாகச் செய்யத்தக்க ஆய்வுப் பணியாகும் எனக் கருதுகிறோம்.