உங்களுக்குத் தெரியுமா? – மேட்டுப் பாலைவனமும் காலியான ஃப்ரேமும்

ஒரு மணல்மேடு. அதற்கு மேல் வானம். படத்தில் வேறொன்றும் இல்லை. மினிமலிசப் புகைப்படம் என்று சொல்வது இதைத்தான். பார்க்க எளிதாக இருக்கும் இந்தக் காலியிடத்தை உருவாக்கப் பெரும்பாடு பட வேண்டும். படத்தில் இருப்பது குறையக் குறைய, இருப்பதில் உள்ள சின்னக் குறையும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஒயிட் சாண்ட்ஸ். சுமார் 700 சதுர கிலோமீட்டருக்கு வெள்ளை வெளேரென்று மணல். உலகின் மிகப் பெரிய ஜிப்சம் மணல்வெளி இதுதான். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸிலும் இந்த ஜிப்சம்தான் இருக்கிறது. சாதாரண மணலைப்போல இது சுடாது. கோடை வெயிலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாம்.

கேமராவை அதன் போக்கில் விட்டால் இந்த வெண்மணல் அழுக்குச் சாம்பல் நிறத்தில் பதியும். எதிரே இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது லைட் மீட்டரின் குணம். அதனால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை எக்ஸ்போஷரைக் கூட்டி எடுக்கிறார்கள்.

இங்கே பெரிய எதிரி சொந்தக் கால்தடம். எந்த மேட்டைப் படமெடுக்கப்போகிறோம் என்று முதலில் முடிவுசெய்துகொண்டு, அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். ஒரு தடம் விழுந்தாலும் படம் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், இதே ஒயிட் சாண்ட்ஸ் பூங்காவில் 21,000 முதல் 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதக் கால்தடங்கள் கிடைத்ததாக 2021-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

பரந்த நிலத்தை எடுக்க வைட் லென்ஸ்தானே வேண்டும்? பாலைவனத்து மினிமலிசத்தில் பலரும் கையிலெடுப்பது டெலி லென்ஸை. தூரத்து வளைவு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடலாம். ஆனால் உச்சி வெயிலில் கானல் எழுந்து படத்தைக் குழப்பிவிடும். காலையும் மாலையும்தான் தோது.

வெறுமைக்குப் பேர்போன படம் ஒன்றும் இதே நியூ மெக்சிகோவில் எடுத்ததுதான். புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ’ படத்தின் மேல்பகுதி முழுக்கக் கறுத்த வானம். அதன் கீழே சின்ன நிலா. அதற்கும் கீழே, கடைசி வெயில் பட்டு மின்னும் கல்லறைச் சிலுவைகள். சாந்தா ஃபே நோக்கிக் காரில் திரும்பிக்கொண்டிருந்த ஆடம்ஸ் இந்தக் காட்சியைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டி, 8×10 அங்குலக் கேமராவை அவசரமாக நிறுத்தினார். லைட் மீட்டர் அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரே ஒரு ஃபிலிமில் பதிவுசெய்தார். அடுத்ததை எடுப்பதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் இறங்கிவிட்டது. எடுத்த தேதியை அவர் குறித்துவைக்கவில்லை. படத்தில் நிலா நின்ற இடத்தை வைத்துக் கணக்கிட்ட டென்னிஸ் டி சிக்கோ என்பவர், அது 1941 நவம்பர் 1, மாலை 4.49 மணி என்று 1991-ல் சொன்னார்.

எனக்கு இதைவிட வியப்பு அந்த வானம். ஆரம்பகாலப் பிரதிகளில் மேலே மேகக் கீற்றுகள் தெரிகின்றன. பிற்பாடு, ஆடம்ஸ் இருட்டறையில் அந்தப் பகுதிக்குக் கூடுதலாக ஒளி காட்டிக் காட்டி அதைக் கறுக்கவைத்தார். 1970-களின் பிரதிகளில் மேகம் அநேகமாகக் காணாமலேபோய்விட்டது. நாம் கொண்டாடும் அந்த வெறுமை, பல வருஷம் கைவேலை செய்து கிடைத்தது.

வெறுமை தானாகவே அமையும் இடமும் உண்டு. பொலிவியாவின் சலார் தெ உயுனி உப்புவெளி 3,650 மீட்டர் உயரத்தில், 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. மேடு பள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூடத் தேறாது என்பதால் செயற்கைக்கோள்களின் உயரமானிகளைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள். மழைக்காலத்தில் சில சென்டிமீட்டர் தண்ணீர் நின்று காற்றும் அடங்கினால் அடிவானக் கோடே மறைந்துபோகும். ஆட்டோஃபோகஸ் பிடிமானம் கிடைக்காமல் திணறும். திரும்பியதும் டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு அரித்துவிடும்.

காலியான படத்துக்குத் தூசும் எதிரி. கேமராவின் சென்சாரில் ஒட்டிய ஒரு தூசு, மரமும் கட்டடமும் நிறைந்த படத்தில் கண்ணுக்கே படாது. வெறும் வானத்தில், லென்ஸ் துளையை எஃப் 16-க்குச் சுருக்கி எடுத்த படத்தில், கறுப்புப் பொட்டாக நிற்கும். காற்றடிக்கும் பாலைவனத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

இப்படிப் படமெடுக்க நம் நாட்டிலும் இடம் உண்டு. இமயமலை மழைமேகங்களைத் தடுத்துவிடுவதால் லடாக்கும் பாலைவனமே. அங்கே ஹான்லேவில், 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. அதை நடத்துவது, நம் காவலூர் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம். 2022-ல் ஹான்லேவைச் சுற்றியுள்ள பகுதியை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். இரவு வெளிச்சத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஊர்க்காரர்களுக்கே தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சியும் தந்திருக்கிறார்கள். இரவில் படமெடுக்கப் போகிறவர்கள் சிவப்பு டார்ச் கொண்டுபோங்கள். இருட்டுக்குப் பழகிய கண் அதில் கூசாது. மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பையில் கிடந்தால் குளிரில் சீக்கிரமே இறங்கிவிடும்.