வெளியூர் ஆட்டத்திற்குப் பணம் எங்கிருந்து வரும்?

2024 நவம்பரில் போபாலில் நடைபெற்ற தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் புறப்பட்ட கேரள இறகுப்பந்து அணியினர், இரயிலில் இடம் உறுதியாகாமல் எறணாகுளத்தில் தவித்தனர். கல்வி அமைச்சர் தலையிட்டு அவர்களை விமானத்தில் அனுப்பி வைத்தார். அப்பிள்ளைகள் மாநிலத்தின் பெயரால் சென்றவர்கள். பெருங்கடவிளையிலோ பாறசாலையிலோ மாலை வேளையில் கூடி ஆடும் ஓர் அணிக்கு இத்தகைய நெருக்கடி நேர்ந்தால், திறக்க வேண்டியது பெற்றோரின் பணப்பையே.

சாஃப்ட்பாலை எடுத்துக்கொள்வோம். களத்தில் ஒன்பது பேர். மாற்று ஆட்டக்காரர்களுடன் பதினாறு பேர், பயிற்சியாளர், பொறுப்பாளர் எனப் பதினெட்டுப் பேர் வடமாநிலம் ஒன்றுக்குச் செல்வதாகக் கொள்வோம். ஒருவழிக் கட்டணம் 900 ரூபாய் எனில் சென்று திரும்ப 32,400 ரூபாய். உணவுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் வீதம் ஐந்து நாளைக்கு 27,000 ரூபாய். ஆக 59,400 ரூபாய். கையுறை, மட்டை, சீருடை ஆகியவை இதில் சேரவில்லை. தேசியப் போட்டிகளுக்குச் செல்வோர்க்கு இரயில்வே வழங்கி வந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

இத்தொகையைப் பதினாறு வீடுகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் வீட்டுக்கு ஏறத்தாழ 3,700 ரூபாய். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இம்முறையே, எம் கருத்தில், மிகவும் தீங்கானது. இரப்பர் பால் வெட்டி வாழும் குடும்பத்திற்கு மழைக்காலத்தில் பல நாள் வேலை இராது. அவ்வீட்டுப் பிள்ளை பணமில்லை என்று சொல்லாது. கால் வலிக்கிறது என்று சொல்லி விலகிக்கொள்ளும். ஆதலின் அணியின் பட்டியல் வெளிவருவதற்கு முன்பே, யாருக்கு என்று குறிக்காத பொது நிதியாகப் பணம் சேர்ந்திருத்தல் வேண்டும்.

சேர்க்கும் வழிகளுக்குக் குறைவில்லை. அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று ஆடும் சாஃப்ட்பால் அணிகளின் சிறுமியர் கார் கழுவியும் தின்பண்டம் விற்றும் நிதி திரட்டுகின்றனர். நம் பகுதியில் அவ்விடத்தைப் பிடித்திருப்பது பிரியாணி சேலஞ்ச். முன்பதிவு செய்த பொதிகளுக்கு மட்டுமே அடுப்பு மூட்டுவதால் நட்டத்திற்கு இடம் குறைவு. ஊர்க் கடைகளின் பெயரைச் சீருடையில் அச்சிட்டு நன்கொடை பெறுவோரும் உண்டு. பொழியூர், தூத்தூர் போன்ற கடலோர ஊர்களில் கால்பந்துக்கு ஊரே திரளும். அங்கே ஆதரவாளர் கிடைப்பது எளிது. வேடிக்கை பார்க்க ஆளில்லாத சாஃப்ட்பாலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பரிசுக் கூப்பன் அச்சிட்டுக் குலுக்கல் நடத்துவதை மட்டும் தவிர்க்க வேண்டுகிறோம். அரசு அனுமதியின்றி லாட்டரி நடத்துவது குற்றம். 1967 முதல் அரசு லாட்டரி பழகிப்போன கேரளத்தில் இது தவறென்றே பலருக்குத் தோன்றுவதில்லை. களியக்காவிளையைத் தாண்டினாலோ, தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்கே தடை.

திரட்டிய பணம் பொறுப்பாளர் ஒருவரின் சொந்தக் கணக்கில் கிடப்பது அடுத்த சிக்கல். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம்; ஆயினும் அவர் நோயுற்றால் பயணச்சீட்டு எடுக்க வழியில்லை. நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஏழு பேர் கூடினால் 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ச் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம். எல்லைக்கு அப்பால், குமரி மாவட்டத்தில், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தும். பதிவு பெற்ற சங்கம் வட்டி தரும் சேமிப்புக் கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கி விதிகள் இடமளிக்கின்றன. பதிவுச் சான்று, துணைவிதிகள், கணக்கை இயக்குவோரைக் குறிக்கும் தீர்மானம், அவர்களின் அடையாளச் சான்றுகள் ஆகியவற்றுடன் கிளையை அணுகலாம். இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கலாம் எனத் தீர்மானத்திலேயே எழுதுவது நலம். அவர்களுள் ஒருவர் தாயாக இருந்தால் இன்னும் நலம்.

மாதம் 250 ரூபாய் வீதம் பதினாறு வீடுகள் ஓராண்டு செலுத்தினால் 48,000 ரூபாய் சேரும். மேலே கண்ட பயணத்திற்குக் குறைவது 11,400 ரூபாய். ஒருநாள் பிரியாணி அதை ஈடுகட்டக்கூடும். மழை மாதங்களில் தவணை தவறும் வீட்டாரைப் பெயர் சொல்லி வாட்ஸாப் குழுவில் நினைவூட்டாமல், பால் வெட்டு மீண்டும் தொடங்கும்வரை பொறுத்திருக்கலாம்.