சிறார்க்கு இசை பயிற்றும் முறை

தாலாட்டில் கண்வளர்ந்த குழந்தை, பள்ளி புகுந்தபின் பாட நாணுவது ஏன்? செவிக்கு உணவளிக்குமுன் கண்ணுக்கு எழுத்தைக் காட்டுவதே காரணம் என்போம்.

ஆதலின் முதற்பாடம் செவிக்குரியது. ஒத்த அளவுடைய இரு கண்ணாடிக் குவளைகளில் நீரை மிகுத்தும் குறைத்தும் வார்த்து, கரண்டியால் மெல்லத் தட்டுக. நீர் மிக்கது தாழ்ந்தும், குறைந்தது உயர்ந்தும் ஒலிக்கும். சிறார் கண்களை மூடிக்கொண்டு, உயர்ந்த ஒலிக்கு எழுந்து, தாழ்ந்த ஒலிக்கு அமர்வாராக.

அடுத்தது தாளம். ஆதி தாளம் ஒரு தட்டும், மூன்று விரலெண்ணிக்கையும், பின் இருமுறை தட்டும் வீச்சுமாக 8 எண்ணிக்கை உடையது. தத்தம் பெயர்களை இதில் அமைத்துச் சொல்லுதல் சிறார்க்கு நல்ல விளையாட்டாம்.

மூன்றாவது சுரம். 1841-இல் இங்கிலாந்தில் ஞாயிறுபள்ளி ஆசிரியர் கூட்டமொன்று, பாட்டுக் கற்பிக்க எளிய வழி காணுமாறு ஜான் கர்வென் என்னும் போதகரை வேண்டிற்று. அவர் சாரா குளோவர் என்னும் ஆசிரியை வகுத்த முறையைத் திருத்திப் பரப்பினார். பின்னர்ச் சுரந்தோறும் ஒரு கைக்குறியும் அமைத்தார். நம் ஸ ரி க ம வுக்கும் அது பொருந்தும். மூடிய கை ஸ. கை உயர உயரச் சுரமும் உயரும்.

நிற்க. "உனக்குக் குரல் இல்லை" என்று ஒரு குழந்தையை வாய்மூடச் செய்தல் பெரும்பிழை. அங்ஙனம் சொல்லப்பட்டு, இன்றும் ஆலயத்தில் உதடு மட்டும் அசைப்போர் நம்முள் எத்துணையர்! அக்குழந்தையை நன்கு பாடுவோர் அருகே நிறுத்தி, அதன் குரலுக்கு எட்டும் சுருதியில் தொடங்குக. செவி பழகக் குரலும் சேரும். நாளை ஆசிரியராகப் புகும் நம் தோழர் இதனை மறவாதிருப்பாராக.