ஒரே ஒரு படம் பார்க்க மாளிகையை அடகு வைத்த ரசிகர்! - பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனின் காமெடி காதல்

பிடித்த நடிகரின் படம் வெளியானால் முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுப்பவர்களைப் பார்த்திருப்போம். ஆனால், ஒரு படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதற்காகக் குடியிருக்கும் வீட்டையே அடமானம் வைத்த ரசிகரைத் தெரியுமா? அவர் சாதாரண ரசிகர் அல்ல. உலகமே கொண்டாடிய 'பீட்டில்ஸ்' இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் ஹாரிசன்!

'அமைதியான பீட்டில்' என்று பத்திரிகைகள் அவருக்குப் பெயர் வைத்திருந்தன. பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் கற்றவர், கிருஷ்ண பக்தர், தோட்ட வேலையில் மனதைப் பறிகொடுத்தவர் என்று நமக்குத் தெரிந்த ஹாரிசன் ஒரு பக்கம். டி.வி முன்னால் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிக்கும் ஹாரிசன் இன்னொரு பக்கம். அவரைச் சிரிக்க வைத்தது, பி.பி.சி-யின் 'மாண்ட்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்'.

ஒன்பது நாள் இடைவெளி

1969 செப்டம்பர் 26 அன்று பீட்டில்ஸின் 'அபே ரோடு' ஆல்பம் வெளியானது. நால்வரும் சேர்ந்து கடைசியாகப் பதிவு செய்த ஆல்பம் அது. சரியாக ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 5 அன்று மாண்ட்டி பைத்தானின் முதல் எபிசோடு ஒளிபரப்பானது. கிரஹாம் சாப்மேன், ஜான் கிளீஸ், டெர்ரி கில்லியம், எரிக் ஐடில், டெர்ரி ஜோன்ஸ், மைக்கேல் பாலின் என ஆறு பேர் கொண்ட குழு. ஒரு காட்சி முடிவதற்குள் இன்னொன்று குறுக்கே பாயும். ஜோக்கின் முடிவுக்காகக் காத்திருந்தால், திடீரென ஒரு ராட்சதக் கால் கார்ட்டூன் வடிவில் மேலிருந்து வந்து எல்லாவற்றையும் நசுக்கிவிட்டுப் போகும்!

பலர் புரியாமல் விழித்தபோது, ஹாரிசனுக்கு உடனே பிடித்துப்போனது. பீட்டில்ஸ் குழு உடைந்துகொண்டிருந்த நேரம். வக்கீல்கள், கணக்கு வழக்குகள், நண்பர்களுக்குள் மனக்கசப்பு என்று வீடு திரும்பியவருக்கு அந்த அரை மணி நேரம்தான் ஆறுதல். பீட்டில்ஸின் ஆன்மா அந்த ஆறு பேரிடம் போய்விட்டது என்று பின்னாளில் பலமுறை சொன்னார். ஒரு காமெடி நிகழ்ச்சிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்க முடியுமா?

மிருதங்கத்துக்கு முன்னால் மரவெட்டி பாட்டு

1974-ல் ஹாரிசன் வட அமெரிக்காவில் இசைப்பயணம் போனார். கச்சேரி தொடங்கும் முன் அரங்கின் ஸ்பீக்கரில் மாண்ட்டி பைத்தானின் 'லம்பர்ஜாக் சாங்' ஒலித்தது. முரட்டு மரவெட்டி ஒருவர் வீரமாகப் பாடிக்கொண்டே வந்து, தனக்குப் பெண்களின் உடையை அணியப் பிடிக்கும் என்று போட்டு உடைக்கும் பாட்டு அது. அதே பயணத்தில், ரவிசங்கரின் குழுவோடு மேடையேறியவர்களில் இருவர் நமக்கு நெருக்கமானவர்கள். ஒருவர் வயலின் மேதை எல்.சுப்ரமணியம். இன்னொருவர், பின்னாளில் இளையராஜாவுக்குக் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொடுத்த மிருதங்க வித்வான் டி.வி.கோபாலகிருஷ்ணன். காமெடி, ராக், கர்நாடக இசை மூன்றையும் ஒரே மாலையில் பரிமாறியவர் ஹாரிசன்!

அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் 'மாண்ட்டி பைத்தான் அண்டு தி ஹோலி கிரெய்ல்' படத் திரையிடலில்தான் எரிக் ஐடிலை அவர் முதன்முதலில் சந்தித்தார். அன்று தொடங்கிய நட்பு கடைசிவரை நீடித்தது. 1976-ல் நியூயார்க்கில் பைத்தான் குழு மேடை நிகழ்ச்சி நடத்தியபோது, கனடா போலீஸ் உடையில் கோரஸ் வரிசையில் நின்று 'லம்பர்ஜாக் சாங்' பாடினார் ஹாரிசன்.

காசு கொடுத்த ராக் ஸ்டார்கள்

'ஹோலி கிரெய்ல்' படமே ராக் உலகத்தின் காசில் உருவானதுதான். பிங்க் ஃப்ளாய்டு, லெட் செப்லின், 'ஜெத்ரோ டல்' குழுவின் இயன் ஆண்டர்சன் ஆகியோர் முதலீடு செய்தார்கள். அப்போது பிரிட்டனில் பெரும் பணக்காரர்கள் கட்ட வேண்டிய உச்ச வருமான வரி 80 சதவிகிதத்தைத் தாண்டியிருந்தது. வரியாகப் போகும் பணம் காமெடிக்குப் போகட்டுமே என்ற கணக்கும் அதில் இருந்தது.

அப்படியும் பட்ஜெட் போதவில்லை. குதிரைகளுக்குக் காசில்லை. அதனால், ஆர்தர் மன்னர் குதிரையில் வருவதுபோல் குதித்துக் குதித்து வருவார், பின்னால் வேலைக்காரர் இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்புவார். பணமில்லாததால் பிறந்த அந்த ஜோக்தான் படத்தின் அடையாளமாகிப்போனது!

அடமானத்துக்குப் போன மாளிகை

உண்மையான சோதனை 1978-ல் வந்தது. அடுத்த படமான 'லைஃப் ஆஃப் பிரையன்', இயேசு பிறந்த அதே நேரத்தில் பக்கத்துத் தொழுவத்தில் பிறந்த ஒருவனை மக்கள் மீட்பர் என்று தவறாக நம்பிவிடும் கதை. துனிசியாவில் படப்பிடிப்புக்குப் படக்குழு கிளம்ப இருந்த கடைசி நேரத்தில், பணம் போடுவதாக இருந்த இ.எம்.ஐ நிறுவனம் பின்வாங்கியது. மத உணர்வைப் புண்படுத்தும் என்ற பயம்தான் காரணம்.

ஐடில், நண்பர் ஹாரிசனிடம் பேசினார். 1970-ல் ஆசை ஆசையாக வாங்கி, சீரழிந்து கிடந்த தோட்டத்தை மீட்டெடுத்து வாழ்ந்துகொண்டிருந்த 'ஃப்ரையர் பார்க்' மாளிகையை ஹாரிசன் அடகு வைத்தார். சுமார் 30 லட்சம் பவுண்டு திரட்டப்பட்டது. இதற்காகவே தன் மேனேஜரோடு சேர்ந்து 'ஹேண்ட்மேட் ஃபிலிம்ஸ்' என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டால், படத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்பதுதான் அவருடைய பதில். 'உலகிலேயே விலை உயர்ந்த சினிமா டிக்கெட் இதுதான்' என்று பைத்தான் குழுவினர் கிண்டலடித்தார்கள்.

தீவிர பக்தரான அவர் இந்தப் படத்துக்குத் துணை நின்றது பலருக்கும் ஆச்சர்யம். படம் கேலி செய்தது இயேசுவை அல்ல. யோசிக்காமல் யார் பின்னாலும் ஓடும் கூட்டத்தைத்தான் என்பது படக்குழுவின் வாதம். வெறிபிடித்த ரசிகர் கூட்டத்தில் சிக்கி, மேடை நிகழ்ச்சிகளே வேண்டாம் என்று 1966-ல் ஒதுங்கிய குழுவில் இருந்தவருக்கு அந்த ஜோக் புரியாதா என்ன?

1979-ல் படம் வெளியானபோது எதிர்ப்பு பலமாகவே இருந்தது. அயர்லாந்தும் நார்வேயும் தடை போட்டன. 'நார்வேயில் தடை செய்யும் அளவுக்குச் சிரிப்பான படம்' என்றே பக்கத்து நாடான சுவீடனில் விளம்பரம் செய்தார்கள்! போட்ட பணத்தைப்போலப் பல மடங்கு வசூல் குவிந்தது. வீடும் தப்பியது.

ரசிகர் கொடுத்த விலை

எல்லாமே சுபமாக முடியவில்லை. ஹேண்ட்மேட் நிறுவனம் 'டைம் பேண்டிட்ஸ்', 'மோனா லிசா', 'வித்னெயில் அண்டு ஐ' போன்ற படங்களைத் தந்தாலும், நாளடைவில் கடன் சேர்ந்தது. பல ஆண்டுகள் நம்பிய மேனேஜர்மீதே வழக்கு போட வேண்டிய நிலை ஹாரிசனுக்கு வந்தது. 1996-ல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக 1 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. வணிகக் கணக்குப்படி பார்த்தால், ரசனையை நம்பிப் பணம் போடுவது ஆபத்தான வேலைதான்.

ஆனால், வணிகக் கணக்கில் வராத வரவும் உண்டு. 'லைஃப் ஆஃப் பிரையன்' க்ளைமாக்ஸில் சிலுவையில் தொங்குபவர்கள் விசிலடித்துக்கொண்டே, வாழ்க்கையின் நல்ல பக்கத்தைப் பார் என்று பாடுவார்கள். ஐடில் எழுதிய அந்தப் பாட்டை, 1989-ல் இறந்த கிரஹாம் சாப்மேனின் நினைவுக்கூட்டத்தில் நண்பர்கள் சேர்ந்து பாடினார்கள். இன்றைக்கு பிரிட்டனில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் அன்புக்குரியவர்களை அந்தப் பாட்டோடுதான் வழியனுப்பி வைக்கின்றன.

2001 நவம்பர் 29 அன்று ஹாரிசன் மறைந்தார். சரியாக ஓராண்டு கழித்து லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவருக்கு இசை அஞ்சலி நடந்தது. ரவிசங்கரின் இசையமைப்பை அனுஷ்கா சங்கர் வழிநடத்தினார். எரிக் கிளாப்டனும் பால் மெக்கார்ட்னியும் பாடினார்கள். இடையே மேடைக்கு வந்தது மாண்ட்டி பைத்தான் குழு. கனடா போலீஸ் உடை அணிந்த கோரஸில் ஹாலிவுட் நடிகர் டாம் ஹாங்க்ஸும் நின்றார். அவர்கள் பாடியது 'லம்பர்ஜாக் சாங்'. கண்ணீரோடு வந்திருந்த அரங்கம் வாய்விட்டுச் சிரித்தது. அந்த ரசிகர் இருந்திருந்தால், முதல் ஆளாகச் சிரித்திருப்பார்!