களனி நீரும் நஞ்சின் கணக்கும்

கிராண்ட்பாசுக்கு வடக்கே களனி நதி ஓடுகின்றது. சிவனொளிபாத மலைத்தொடரில் தோன்றும் இந்நதி, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் கடந்து கடலை அடைகின்றது. 1980களின் நடுப்பகுதியில் நிறுவப்பட்ட பியகம ஏற்றுமதி வலயம் மேலேயும், தலைநகருக்குக் குடிநீர் பெறப்படும் அம்பத்தளை அதற்குக் கீழேயும் அமைந்துள்ளன. எனவே, ஒரு சேதன மாசு நீர்வாழ் உயிர்களுக்கு எவ்வளவு நஞ்சாகும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாமா என்னும் வினா, ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று.

பொருள்கள் பல்லாயிரம், ஒவ்வொன்றையும் மீன்களிற் சோதித்தல் இயலாது. ஆதலின் மூலக்கூற்றின் இயல்பிலிருந்தே விளைவை உய்த்துணரும் முறை வளர்ந்தது. 1899இல் மேயரும் 1901இல் ஓவர்டனும், ஒரு மயக்கப்பொருளின் வலிமை அது நீரைவிட ஒலிவ எண்ணெயில் எவ்வளவு கரைகின்றது என்பதைப் பொறுத்தது என்பதை வாற்பேத்தைகளைக் கொண்டு தனித்தனியே நிறுவினர். கலமென்சவ்வும் கொழுப்பாலானது என்பது மனங்கொள்ளத்தக்கது. இன்று எண்ணெயின் இடத்தை ஒக்டனோல் பெற்றுள்ளது. ஒக்டனோலிலும் நீரிலும் ஒரு பொருள் பெறும் செறிவுகளின் விகிதமே பங்கீட்டுக் குணகம்.

1981இல் கோனெமன் 50 தொழிற்சாலை மாசுகளைக் கப்பி மீன்களிற் சோதித்தார். நமது வடிகான்களில் நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் அதே சிறுமீன்தான் இது. குணகம் பத்து மடங்காக உயரும்போது நச்சுத்தன்மை ஏறத்தாழ ஏழு மடங்காக உயர்வதை அவருடைய சமன்பாடு காட்டிற்று.

எனினும் இக்கணிப்பு நஞ்சின் கீழெல்லையை மட்டுமே தருகின்றது. குளோர்பைரிபொஸ் போன்ற பூச்சிகொல்லிகள் நரம்புக்குரிய நொதியத்தையே தாக்குவதால், கணித்ததைவிடப் பன்மடங்கு கொடியவையாகின்றன.

இதனினும் முக்கியமானது கலவை பற்றிய உண்மையாகும். ஒரே விதமாகச் செயற்படும் மாசுகளின் பங்குகள் ஒன்றோடொன்று கூடுகின்றன. பாதி மீன்களைக் கொல்லும் செறிவில் ஐம்பதிலொரு பங்கு தனியே தீங்கற்றதாகத் தோன்றலாம். அவ்வாறான 50 பொருள்கள் சேரின் பாதி மீன்கள் மடியும். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமோ ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியே வழங்கப்படுகின்றது. ஆகவே, ஒவ்வோர் ஆலையும் சட்டத்துக்கு உட்பட்டு நிற்க, நதி நஞ்சாகலாம். இலாபம் தனியார்வசம் சேர்கின்றது. கழிவின் கூட்டுத்தொகையைச் சமூகம் சுமக்கின்றது.

2015 ஓகஸ்டில் ஓர் ஆலையிலிருந்து டீசல் களனியிற் கலந்தபோது கொழும்பின் நீர்விநியோகம் பாதிக்கப்பட்டது. போத்தல் நீரை வாங்க வசதியுள்ளோர் அதனைக் கடந்துவிடலாம். கிராண்ட்பாஸ் தோட்டங்களில் பொதுக்குழாயை நம்பி வாழும் உழைப்பாளருக்கு மாற்றுவழி ஏது? கணிக்கும் சமன்பாடுகள் விஞ்ஞானத்திடம் உள்ளன. அவற்றை ஆலைக்கு ஆலை பிரித்தல்லாது, நதி முழுவதற்கும் பயன்படுத்துமாறு கோருவது மக்களின் கடமையாகும்.