வெளியே சாது, உள்ளே முரடு... செடான் காருக்கு ரகசியமாக பவர் ஏற்றலாமா? காவலூர் மலைப்பாதை சொல்லும் கணக்கு!

வார இறுதி. காரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. டிக்கி நிறைய பைகள், ஏ.சி-யும் ஓடுகிறது. வாணியம்பாடியைத் தாண்டி, ஆலங்காயத்தில் டீ குடித்துவிட்டு, ஜவ்வாது மலையில் காவலூர் சாலையைப் பிடிக்கிறார்கள். அதுவரை வெண்ணெயாகப் போன பெரிய செடான் கார், கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்குகிறது. பின்னால் வந்த சின்ன டீசல் வண்டி ஹாரன் அடித்து முந்திப் போகிறது.

இந்த இடத்தில்தான் பலருக்கும் அந்த ஆசை வரும். ‘வண்டியோட பவரை மட்டும் ஏத்திட்டா என்ன? வெளியில் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்ட வேண்டாம். பார்த்தால் குடும்பத்து காராகவே இருக்கட்டும்...’

கார் பிரியர்கள் இப்படிப்பட்ட வண்டியை ‘ஸ்லீப்பர்’ என்கிறார்கள். ஆம்னி பஸ் ஸ்லீப்பர் இல்லைங்க! தூங்குவதுபோல் நடிக்கும் கார். பாடி, சக்கரம், சைலன்ஸர் எல்லாம் கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே இருக்கும். உள்ளே இன்ஜின் மட்டும் வேறு ரகம். இதைச் செய்யலாமா, செலவுக்குத் தகுந்த பலன் உண்டா, சிக்கல் எங்கே வரும்? பார்த்துவிடலாம்.

கம்பெனியே செய்த ‘ஸ்லீப்பர்’கள்

இந்த விஷயம் நமக்குப் புதிதல்ல. 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டஸா காரைக் கொண்டுவந்தது. வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் வடிவமைப்பு, நீளமான பானெட், அகலமான சீட் என்று ராஜ தோரணை. ஆனால், உள்ளே இருந்தது அம்பாஸடரின் பழைய 1,489 சிசி இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன்தான். யானைக்குப் பூனையின் இதயத்தை வைத்த கதை! பிறகு ஜப்பானின் இசுஸு நிறுவனத்தின் 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. குதிரைத்திறன் ஏறத்தாழ 85 ஆனது. தோற்றம் பெரிதாக மாறவில்லை. ஓட்டியவர்களுக்கோ அது வேறு கார்.

1990-களின் தொடக்கத்தில் அம்பாஸடருக்கும் இசுஸு இன்ஜின் யோகம் அடித்தது. சுமார் 75 குதிரைத்திறன். பார்க்க அதே வட்டமுக அம்பாஸடர்தான்.

நேர்மாறான பாடம் நம் சென்னையிலேயே நடந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ காரை அறிமுகப்படுத்தியது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி 1 காரின் உடல் அது. அங்கே அதன் உச்ச மாடலில் 3.5 லிட்டர் வி8 இன்ஜின் இருந்தது. இங்கே பொருத்தப்பட்டதோ பழைய வேன்கார்டு கார் பரம்பரையைச் சேர்ந்த 2 லிட்டர் இன்ஜின், 83 குதிரைத்திறன். விலை அதிகம், வேகம் குறைவு. சில வருடங்களிலேயே கதை முடிந்தது.

கான்டஸா விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே இன்ஜினோடு கியர் பெட்டியும் சேர்ந்தே மாறியது. செய்தது தயாரிப்பாளர், ஆர்.சி புத்தகமும் அதற்கேற்ப வந்தது. இன்று தெருமுனை ட்யூனிங் கடையில் விடுபடுவது இவைதான்.

இப்போது எப்படி ஏற்றுகிறார்கள்?

இன்றைய கார்களில் இன்ஜின் மாற்றத் தேவையில்லை. இன்ஜினுக்கு எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில் தீப்பொறி, டர்போ எவ்வளவு காற்றழுத்தம் தர வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது ‘ஈ.சி.யூ’ என்ற சின்ன கம்ப்யூட்டர். அதன் மென்பொருளை மாற்றி எழுதுவதுதான் ‘ரீமேப்’. சில மணி நேர வேலை, ஸ்பேனர்கூட தேவைப்படாது.

டர்போ உள்ள பெட்ரோல், டீசல் கார்களில் இதனால் 20 முதல் 30 சதவிகிதம் வரை பவர் கூடலாம். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜினில் 5 சதவிகிதம் கிடைத்தாலே அதிகம். அங்கே கூடுதலாக உள்ளே தள்ளக் காற்று இல்லை. ஆக, டர்போ இல்லாத காருக்கு ரீமேப் என்றால், பணம்தான் வேகமாகப் போகும்.

டர்போ காரிலும் இலவசமாக எதுவும் வராது. கூடுதல் டார்க் முதலில் அடிப்பது கிளட்ச்சை, அடுத்து கியர் பெட்டியை. சில ஏழு கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் பெட்டிகள் 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்குவதற்காகவே செய்யப்பட்டவை. கம்பெனி அமைப்பிலேயே அந்த எல்லையை நெருங்கிய காரில், அதற்கு மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மலை ஏற எவ்வளவு குதிரை வேண்டும்?

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆட்களும் பைகளும் சேர்த்து காரின் எடை 1,700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் போனால் 7 மீட்டர் உயரும் சாலை. வேகம் 40 கிலோமீட்டர். எடையை மேலே தூக்க மட்டும் சுமார் 18 குதிரைத்திறன் தேவை. டயர் உராய்வு, காற்றின் தடை, ஏ.சி எல்லாம் சேர்த்தாலும் 30-ஐத் தாண்டாது.

நம் செடானில் 100 குதிரை இருக்கிறதே, பிறகு ஏன் திணறல்? அந்த 100 குதிரையும் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போதுதான் கிடைக்கும். டாப் கியரிலோ அதற்கு முந்தைய கியரிலோ 1,500 சுற்றில் தள்ளிக்கொண்டு போனால், கையில் இருப்பது சுமார் 25 குதிரைதான். கியரைக் குறைத்து 3,000 சுற்றுக்குக் கொண்டுவந்தால் அதே இன்ஜின் 55 வரை தரும். தேவையானதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. செலவு? கியர் லிவரில் ஒரு தட்டு!

உயரமும் கொஞ்சம் விளையாடும். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஒரு சதவிகிதம் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் இருக்கும் காவலூரில், டர்போ இல்லாத இன்ஜின் சென்னையில் தந்ததைவிட சுமார் 7 சதவிகிதம் குறைவாகத்தான் தரும். வண்டி ரிப்பேர் ஆகிவிட்டதோ என்று பதறத் தேவையில்லை.

ஏறுவதைவிட இறங்குவதுதான் பரீட்சை

பவர் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது பிரேக். அதே 1,700 கிலோ கார் 350 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 20 லிட்டர் குடிதண்ணீர் கேன் ஒன்றைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. இன்ஜின் பிரேக்கிங் இல்லாமல் காலையே நம்பி இறங்கினால், அந்த வெப்பத்தில் பெரும்பகுதியை பிரேக் டிஸ்க்கும் பேடும்தான் தாங்க வேண்டும்.

வேகம் கூடினால் நிலைமை இன்னும் மோசம். 40-ல் போகும் கார் 60-ல் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. பவரை ஏற்றிவிட்டு பிரேக்கை அப்படியே விடுவது, மாடிப்படி ஏறக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு இறங்கக் கற்றுத்தராமல் விடுவது மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

‘சாஃப்ட்வேர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது?’ என்று கேட்கலாம். இன்ஜினின் பவரும் புகை அளவும் அந்த மாடலுக்குக் கிடைத்த அரசு ஒப்புதலின் பகுதி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் பட்டால், உங்கள் காரின் சேதத்துக்கான க்ளெய்ம் நிராகரிக்கப்படும் வாய்ப்பு உண்டு. வாரன்டியும் அப்படித்தான். பல ஈ.சி.யூ-க்கள் தங்கள் மென்பொருள் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்று எண்ணி வைத்துக்கொள்ளும். பழைய மேப்புக்குத் திரும்பினாலும் அந்த எண்ணிக்கை அழியாது.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களே, உஷார்!

உண்மையில் குடும்பங்களுக்கு அதிக ஆபத்து இங்கேதான். நீங்கள் பவர் ஏற்றாமல் இருக்கலாம். முந்தைய ஓனர் ஏற்றியிருந்தால்? வெளியில் அடையாளமே இல்லாததுதானே ஸ்லீப்பர்! டர்போ இன்ஜின் உள்ள பெரிய செடானைப் பழையதாக வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

* டாப் கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.
* ஏர் ஃபில்டர் பெட்டி, டர்போ குழாய்கள், சைலன்ஸர் ஆகியவை கம்பெனி பாகங்கள்தானா என்று பாருங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்பது முக்கியம். அதைக் கழற்றிய வண்டி புகைப் பரிசோதனையில் மாட்டும்.
* டீசல் காரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் கறுப்புப் புகை கக்கினால் காரணம் கேளுங்கள்.
* சர்வீஸ் ரெக்கார்டில் திடீரென்று ஒரு கட்டத்தில் கம்பெனி சர்வீஸ் நின்றுபோயிருந்தால், அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.
* பணம் கொடுக்கும் முன், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஈ.சி.யூ-வை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

காவலூர் டெலஸ்கோப் சொல்லும் வழி

தோற்றம் மாறாமல் திறன் கூட்டுவதற்கு நல்ல உதாரணம் காவலூரிலேயே இருக்கிறது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு ஆய்வகத்தில் 1972 முதல் இயங்கும் ஒரு மீட்டர் டெலஸ்கோப், ஜெர்மனியின் கார்ல் ஸெய்ஸ் தயாரிப்பு. 1977-ல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் இதற்கும் பங்கு உண்டு. அந்தக் காலத்தில் புகைப்படத் தகடுகள், வந்து விழும் நூறு ஒளித்துகள்களில் ஒன்றிரண்டைத்தான் பதிவு செய்தன. பின்னர் வந்த சி.சி.டி கருவிகள் எண்பதுக்கு மேல் பிடிக்கக்கூடியவை. கண்ணாடியின் அளவு அதே ஒரு மீட்டர்தான். வீணாகிக்கொண்டிருந்ததை மிச்சப்படுத்தினார்கள், அவ்வளவே.

உங்கள் காரிலும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். அடைத்துப்போன ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், காற்று குறைந்த டயர், லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக், காலியான கிளட்ச்... இவை ஒவ்வொன்றும் இருக்கும் குதிரைகளைத் திருடுகின்றன. இவற்றைச் சரிசெய்ய ஆர்.டி.ஓ அனுமதியும் வேண்டாம், இன்ஷூரன்ஸ் பயமும் வேண்டாம். கூடவே, பிரேக் ஆயிலை இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இதற்குப் பிறகும் பவர் போதவில்லை என்றால், பெரிய இன்ஜின் உள்ள மாடலுக்கு மாறுவதே பாதுகாப்பான வழி.

இன்னொரு விஷயம். பவரை விட்டுவிட்டு, கண்ணைக் கூசவைக்கும் எல்.இ.டி விளக்குகளை மாட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். அனுமதி இல்லாத விளக்கு எதிரே வருபவருக்கு ஆபத்து. அதிலும் காவலூர், இருட்டை நம்பி வாழும் ஊர். லோ பீமில், நிதானமாக ஏறுங்கள். நட்சத்திரங்கள் எங்கேயும் போய்விடாது!