பில்லைப் படிப்போம், கடனை முடிப்போம்

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகரம் இருக்கிறது. அதன் ஒரு பகுதி ஹடப்சர். அங்கேதான் மகர்பட்டா உள்ளது.

முன்பு அது விவசாய நிலம். கரும்பு விளைந்த இடம். நகரம் வளர்ந்து வயல் வரை வந்தது. அங்கே இருந்த சுமார் 120 குடும்பங்கள் கூடிப் பேசின. நிலத்தைத் துண்டு துண்டாக விற்கவில்லை. 400 ஏக்கருக்கும் மேலான நிலத்தை ஒன்றாகச் சேர்த்தார்கள். சதீஷ் மகர் என்பவர் முன்னின்றார். சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். நிலத்துக்கு ஏற்றபடி ஒவ்வொரு குடும்பத்துக்கும் பங்கு கிடைத்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் அங்கே புதிய நகரம் எழத் தொடங்கியது.

இன்று அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் உள்ளன. ஆயிரக்கணக்கானோர் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். இப்படிச் சம்பளம் வாங்குகிறவர்களைத் தேடி ஒரு பொருள் வருகிறது. அதுதான் கிரெடிட் கார்டு. மகர்பட்டாவில் மட்டும் அல்ல, சென்னையிலும் கோவையிலும் இதே கதைதான்.

கிரெடிட் கார்டு என்றால் என்ன?

ஏ.டி.எம். கார்டில் எடுப்பது நம் சொந்தப் பணம். கிரெடிட் கார்டில் செலவு செய்வது பாங்கின் பணம். அதாவது கடன்.

இந்தக் கடனுக்கு மாதம் ஒரு பில் வரும். அதில் மூன்று விவரங்களைத் தேடிப் படிக்க வேண்டும். ஒன்று, கட்ட வேண்டிய மொத்தத் தொகை. இரண்டு, குறைந்தபட்சத் தொகை. மூன்று, பணம் கட்டக் கடைசி நாள்.

கடைசி நாளுக்குள் மொத்தத் தொகையையும் கட்டினால், பொருள் வாங்கியதற்கு வட்டி இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், மீதிக்கு வட்டி ஓடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதல் வட்டி உண்டு. கார்டைப் போட்டு ரொக்கம் எடுத்தால், எடுத்த நாளிலிருந்தே வட்டி. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

ஒரு கணக்கு

ஒரு காவலாளிக்குக் கார்டில் 20,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்ளலாம். வட்டி மாதம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய். ஒரு மாத வட்டி 700 ரூபாய். வட்டியின் மேல் நூற்றுக்கு 18 ரூபாய் ஜி.எஸ்.டி. வரி. அது 126 ரூபாய். ஆக மொத்தம் 826 ரூபாய்.

அவர் 1,000 ரூபாய் கட்டுகிறார். அதில் 826 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். அசலில் குறைவது வெறும் 174 ரூபாய்தான்!

மாதம் 1,000 ரூபாய் வீதம் கட்டினால் கடன் தீர 44 மாதம் ஆகும். மொத்தம் சுமார் 43,000 ரூபாய் கட்டியிருப்பார். மாதம் 3,000 ரூபாய் வீதம் கட்டினால் 8 மாதத்தில் தீரும். மொத்தம் 24,000 ரூபாய்க்குள் முடியும். இடையில் அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது.

கைநாட்டுக் காலம்

இதே புனே மாவட்டத்தில் சுபே என்று ஓர் ஊர் உண்டு. 150 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்து விவசாயிகள் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். கடன் பத்திரம் மூன்று ஆண்டுதான் செல்லும் என்று 1859இல் ஒரு சட்டம் வந்தது. விவசாயியைக் காக்க வந்த சட்டம் அது. ஆனால் வட்டிக்கு விடுபவர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பத்திரம் எழுதினார்கள். கட்டாத வட்டியை அசலோடு சேர்த்தார்கள். அதற்கும் வட்டி போட்டார்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பல விவசாயிகளுக்குத் தெரியாது. கைநாட்டு வைத்தார்கள்.

1875 மே 12 அன்று சுபேயில் விவசாயிகள் பொங்கி எழுந்தார்கள். கணக்குப் புத்தகங்களைப் பிடுங்கினார்கள். கடன் பத்திரங்களை எரித்தார்கள். கலவரம் பக்கத்து அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. அரசு விசாரணை நடத்தியது. 1879இல் புதிய சட்டம் வந்தது. பணம் கட்டினால் ரசீது தர வேண்டும், கணக்கு காட்ட வேண்டும் என்று அது சொன்னது.

இன்று பில்லை எரித்தால் கடன் தீராது. கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனால் வட்டி குட்டி போடும் வழி மாறவில்லை. அன்று பலரால் படிக்க முடியவில்லை. இன்று படிக்க முடியும். இதுதான் பெரிய பலம்.

கடனிலிருந்து மீள

முதலில் கார்டில் செலவு செய்வதை நிறுத்த வேண்டும். எந்தக் கடனுக்கு எவ்வளவு வட்டி என்று ஒரு தாளில் எழுத வேண்டும். எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்ட வேண்டும். கையில் மிஞ்சும் பணத்தை அதிக வட்டிக் கடனுக்குக் கட்ட வேண்டும். ஒரு கார்டுக் கடனை அடைக்க இன்னொரு கார்டில் ரொக்கம் எடுப்பது ஆபத்து.

கட்ட முடியாத நிலை வந்தால் ஒளிய வேண்டாம். பாங்குக்குப் போய்த் தவணை கேட்கலாம். பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளி முடித்தால், அதுவும் பதிவாகும். அடுத்த கடன் கிடைப்பது கடினமாகும். முழுவதும் கட்டி முடித்ததும் 'பாக்கி இல்லை' என்று கடிதம் வாங்க வேண்டும்.

கடன் வசூலிக்க வருபவர் மிரட்டக் கூடாது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் பாங்குக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். அங்கே தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

நல்ல பெயர்

முன்பு ஊர்க் கடைக்காரர் ஆளைப் பார்த்துக் கடன் தந்தார். 'நாணயமானவர்' என்ற பெயர் போதும். இன்று அந்தப் பெயருக்கு மதிப்பெண் போடுகிறார்கள். இதற்காக 2000ஆம் ஆண்டில் சிபில் என்ற நிறுவனம் தொடங்கியது. இப்போது இப்படி நான்கு நிறுவனங்கள் உள்ளன. மதிப்பெண் 300 முதல் 900 வரை. மதிப்பெண் உயர்ந்தால் கடன் எளிதாகக் கிடைக்கும்.

நாள் தவறாமல் கட்டினால் மதிப்பெண் ஏறும். தவறினால் இறங்கும். ஒரே சமயத்தில் பல இடங்களில் கடன் கேட்டாலும் இறங்கும். பிறர் கடனுக்கு ஜாமீன் போட்டு, அவர் கட்டாவிட்டால், ஜாமீன் போட்டவர் பெயரும் கெடும்.

நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக அறிக்கை வாங்கலாம். வாங்காத கடன் அதில் இருந்தால் திருத்தச் சொல்லலாம்.

மகர்பட்டா விவசாயிகள் கணக்குப் பார்த்து முடிவு எடுத்தார்கள். முதலைக் காப்பாற்றினார்கள். சுபே விவசாயிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பில் வந்த அன்றே அதைப் பிரித்துப் படிப்பவருக்கு அந்த வாய்ப்பு உண்டு.